தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்றால் என்ன? ஏசாயா 53-ஐ வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "இயேசுவின் வாழ்க்கையில் 300-க்கும் மேற்பட்ட தீர்க்கதரிசனங்கள் நிறைவேறின என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். உடன் படிக்கும் நண்பனோ, 'எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதிச் சேர்த்தது' என்கிறான். எது உண்மை? விசுவாசிகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?"

முதலில் அந்த 300-ஐ ஓரமாக வைத்துவிடுவோம். யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். புதிய ஏற்பாடு நேரடியாக எடுத்துக்காட்டும் வசனம், ஜாடையாகத் தொட்டுப்போகும் வசனம், பின்னால் வந்த போதகர்கள் கண்டுபிடித்த ஒற்றுமை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால்தான் அவ்வளவு தேறும். இதோடு சேர்ந்து வெள்ளி டாலர் கணக்கு ஒன்றும் வரும், கேட்டிருப்பீர்கள். பீட்டர் ஸ்டோனர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போட்ட கணக்கு அது. எட்டே எட்டு தீர்க்கதரிசனங்கள் ஒரே மனிதரிடம் தற்செயலாகப் பொருந்த வேண்டுமென்றால், 1-க்குப் பின்னால் 17 சுழியம் போட்டு வருகிற எண்ணில் ஒரு வாய்ப்புத்தான் உண்டாம். டெக்சாஸ் மாநிலம் முழுக்க இரண்டடி உயரத்துக்கு வெள்ளி டாலர்களைக் கொட்டி, ஒன்றில் மட்டும் அடையாளம் போட்டு, கண்ணைக் கட்டிவிட்ட ஒருவன் முதல் தடவையிலேயே அதை எடுப்பது போலவாம்.

பிரசங்கத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எட்டில் ஒன்று, ராஜா கழுதைக்குட்டியின்மேல் ஏறி எருசலேமுக்கு வருவது (சகரியா 9:9). இதில் தற்செயலுக்கு என்ன வேலை? சகரியாவை வாசித்த எவரும் வேண்டுமென்றே கழுதையில் ஏறி வரலாம். இயேசுவும் வேண்டுமென்றுதான் வந்தார். சீஷர்களை முன்னதாக அனுப்பி, குட்டியை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். நான் எப்படிப்பட்ட ராஜா என்று ஊர் பார்க்கச் செய்து காட்டினார். அதைப் போய்ச் சீட்டுக்குலுக்கலாக்கினால், உங்கள் நண்பன் சரியாக அந்த இடத்தில்தான் பிடிப்பான்.

அதற்காகத் தீர்க்கதரிசனமே பொய் என்று சொல்ல வரவில்லை. நானும் விசுவாசிதான், இருபது வருடத்துக்கு மேலாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். எண்ணுகிற பழக்கம் வசனத்தை வாசிக்க விடாமல் பண்ணுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

சிக்கலில் பாதி சொல்லிலேயே இருக்கிறது. 'தீர்க்கதரிசி' என்றால் தூரத்தில் இருப்பதைக் காண்கிறவர் என்று பொருள்படுவதால், அது நம் காதில் ஜோசியத்துக்குப் பக்கத்து வீடு போல விழுகிறது. போதாததற்கு, இப்போது பல கூட்டங்களில் 'தீர்க்கதரிசனம்' என்றால் "ஆறு மாதத்தில் உனக்கு விசா வரும்" என்று மேடையிலிருந்து சொல்வதுதான். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் 'இறைவாக்கினர்' என்று வைத்தார்கள். ஏசாயாவும் எரேமியாவும் செய்த வேலைக்கு அந்தச் சொல்தான் கிட்ட வருகிறது. அவர்கள் பேசியதில் பெரும்பகுதி கண்ணெதிரே நடந்ததைப் பற்றியது: ராஜா எந்த வல்லரசோடு கூட்டணி வைக்கிறான், விதவையின் வழக்கு ஏன் விசாரணைக்கே வரவில்லை, பலி செலுத்தும் கையில் ஏன் ரத்தக்கறை. வரப்போவதைச் சொன்னபோதும் அது பல நேரம் எச்சரிக்கைதான், கேட்டவர்கள் திருந்தினால் மாறிவிடும். இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார் யோனா. ஊர் திருந்தியது, கவிழவில்லை. யோனாவுக்கு அதில் கோபம் வேறு.

அடுத்தது 'நிறைவேறுதல்'. மத்தேயு "நிறைவேறும்படி இப்படி நடந்தது" என்று எழுதும்போது பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள் நிரம்புவது. கடலில் போட்ட வலை மீனால் "நிறைந்தபோது" என்று 13:48-இல் வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். தமிழுக்கு இதில் அதிர்ஷ்டம். 'நிறைவேறு' என்பதிலும் நிறைவு இருக்கிறது. முன்பே போட்டு வைத்த அட்டவணையில் டிக் அடிப்பது ஒன்று, பாதி நிரம்பியிருந்த குடம் விளிம்புவரை வருவது இன்னொன்று. மத்தேயு பேசுவது பெரும்பாலும் இரண்டாவதை.

அது தெரியாமல் ஓசியா 11:1-ஐத் திறந்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதற்கு மத்தேயு அந்த வசனத்தை எடுக்கிறார். ஓசியாவில் முழு வசனம் இது: "இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன், எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்." மோசே காலத்தில் நடந்து முடிந்த ஒன்றை ஓசியா திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். எதிர்காலம் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. மத்தேயுவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். இஸ்ரவேல் நடந்த வழியிலேயே இயேசு மறுபடி நடக்கிறார், அவர்கள் வனாந்தரத்தில் தவறிய இடத்தில் இவர் தவறவில்லை என்பதுதான் அவர் காட்ட வருவது.

கிறிஸ்துமஸ் வசனமான ஏசாயா 7:14-க்கும் முதலில் அதன் சொந்தக் காலத்தில் ஒரு வேலை இருந்தது. கி.மு. 735 வாக்கில் தமஸ்கு ராஜாவும் வட இஸ்ரவேல் ராஜாவும் சேர்ந்து யூதாவின்மேல் படையெடுத்து வர, ஆகாஸ் ராஜா நடுங்கிக்கொண்டிருந்தான். 'இம்மானுவேல்' (தேவன் நம்மோடிருக்கிறார்) என்ற பெயரோடு ஒரு பிள்ளை பிறக்கும், அவனுக்கு நல்லது கெட்டது தெரியும் முன்பே இந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்கிறார் ஏசாயா (7:16-ஐயும் சேர்த்து வாசியுங்கள்). தமஸ்கு கி.மு. 732-இல் விழுந்தது. அந்தப் பிள்ளையின் தாயைக் குறிக்க அங்கே வரும் 'அல்மா' என்ற எபிரெயச் சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். இயேசுவுக்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள்தான் 'கன்னி' என்ற சொல்லைப் போட்டார்கள், மத்தேயு எடுத்தது அதை. சபையில் இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது. எனக்கு வாடவில்லை. 'தேவன் நம்மோடிருக்கிறார்' என்ற பெயர் ஆகாஸின் காலத்தில் ஓரளவு நிரம்பியது, பெத்லகேமில் விளிம்புவரை வந்தது.

எசேக்கியேல் 26-இல் வரும் தீரு பட்டணத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் கரையோர இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டுத் தீவுப் பட்டணத்தைப் பிடித்தது, "உன் கல்லுகளையும் மரங்களையும் மண்ணையும்" கடலில் போடுவார்கள் என்ற வரிக்குத் திகைக்கும்படி பொருந்துகிறது. ஆனால் "இனிக் கட்டப்படாய்" என்ற வரியும் அங்கே உண்டு, தீருவில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், லெபனானில் அதற்கு 'சூர்' என்று பெயர். முதல் பாதியை மட்டும் பிரசங்கிப்பது நேர்மையில்லை.

சரி, ஏசாயா 53-க்கு வருகிறேன். எனக்குக் கையில் ஒரே ஒரு பகுதிதான் கொடுப்பார்கள் என்றால் இதைத்தான் எடுப்பேன். உண்மையில் அது 52:13-இலேயே தொடங்குகிறது. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை, இங்கே வெட்டு தவறான இடத்தில் விழுந்துவிட்டது. ஒரு 'தாசன்'. அழகில்லாதவன், அசட்டைபண்ணப்பட்டவன், மயிர் கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாத ஆட்டைப்போல வாய் திறவாதவன். அவன் செத்துப்போனபின், இதுவரை அவனைத் தேவனால் தண்டிக்கப்பட்டவன் என்று எண்ணியிருந்தவர்கள் திடுக்கிட்டுப் பேசுகிறார்கள்: "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்." துன்மார்க்கரோடு பிரேதக்குழி நியமிக்கப்படுகிறது, ஆனாலும் மரணத்தில் ஐசுவரியவானோடு இருக்கிறார். அறுப்புண்டுபோன அதே ஆள், அடுத்த வரிகளில் தன் சந்ததியைக் காண்கிறார், நீடித்த நாள் வாழ்கிறார். எப்படி என்று இந்தப் பகுதி சொல்லவில்லை.

"நடந்த பிறகு எழுதியது" என்ற உங்கள் நண்பனின் வாதம் இங்கே நிற்காது. 1947 வாக்கில் சவக்கடல் கரையிலுள்ள கும்ரான் குகையில் ஆடு மேய்க்கும் பெதூயின் இளைஞர்கள் கண்டெடுத்த சுருள்களில் ஒன்று ஏசாயா முழுப் புத்தகம். தோல்களைத் தைத்துச் சேர்த்து 7 மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கணிப்பு. அதாவது இயேசு பிறப்பதற்கு 100 ஆண்டுக்கும் முன்னால். (அந்தச் சுருளை 1954-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், 'பல்வகைப் பொருள்கள் விற்பனைக்கு' என்ற பகுதியில் விளம்பரம் கொடுத்து விற்றார்கள். நம்பத்தான் முடியவில்லை.) இன்று முழுமையாக மிஞ்சியிருக்கும் எபிரெயப் பழைய ஏற்பாட்டுப் பிரதிகளில் மூத்ததுகூட கி.பி. 1008-இல் எழுதப்பட்டதுதான். ஏறக்குறைய ஆயிரம் வருட இடைவெளி ஒரே தாவில் கடக்கப்பட்டது. 53-ஆம் அதிகாரத்தில் எழுத்துக்கூட்டல், ஓரிரு சொற்கள் தவிரப் பெரிய மாற்றம் இல்லை. 11-ஆம் வசனத்தில் 'வெளிச்சத்தைக் காண்பார்' என்று ஒரு சொல் அதிகம், அவ்வளவுதான். இந்தப் பகுதியை ஏசாயாவே கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எழுதினாரா, பாபிலோன் சிறையிருப்பில் இன்னொருவர் எழுதினாரா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. எதை எடுத்தாலும் சிலுவைக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியது.

ஆனால் சுருள் காட்டுவது அந்த வயதை மட்டும்தான். அந்தத் தாசன் யார் என்று அது சொல்லாது. யூதர்கள் இதை இஸ்ரவேல் மக்களைப் பற்றியது என்று வாசிப்பார்கள், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்று இதே புத்தகம் 41:8-இல் பெயர் சொல்லியே அழைக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெரிய உரையாசிரியர் ராஷி அப்படித்தான் விளக்கினார். அதற்கும் 800 ஆண்டுக்கு முன்பே யூத அறிஞர்கள் தம்மிடம் அதையே வாதாடியதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதிவைத்திருக்கிறார். நாம் சொல்லும் பதில்: 49-ஆம் அதிகாரத்தில் தாசன் இஸ்ரவேல் என்றும் அழைக்கப்படுகிறார், உடனே இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவரும் வேலையும் அவருக்கே கொடுக்கப்படுகிறது. ஆகவே அவர் அந்த மக்களின் பெயரைச் சுமக்கும் ஒருவராக இருக்க வேண்டும். எனக்கு இது பலமான வாசிப்பாகப் படுகிறது. எதிர்த்தரப்பு வாயடைத்துப் போகும் என்று சொல்ல மாட்டேன்.

'யூதர்கள் ஒளித்துவைத்த அதிகாரம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது, தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். ஜெப ஆலயத்தில் ஆண்டு முழுவதும் வாசிக்கப்படும் பகுதிகளில் 53 இல்லை என்பது உண்மை. தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பெரும்பகுதியும் அந்த வாசிப்பில் இல்லை. அச்சிட்ட எந்த எபிரெய வேதத்திலும் இந்த அதிகாரம் முழுதாக இருக்கிறது. அந்தச் சவக்கடல் சுருள்களுக்கென்றே எருசலேமில் ஒரு கட்டடம் கட்டி வைத்திருப்பவர்களும் யூதர்கள்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. விசுவாசிகளுக்கு இது ஏன் முக்கியம்? 'அடுத்தவனிடம் வாதாடி ஜெயிக்க' என்பது பின்னால் வந்த பயன். முதல் சீஷர்களுக்கு வாதாட நேரமில்லை, அவர்களுக்குத் தங்கள் தலையே சுற்றிக்கொண்டிருந்தது. மேசியா பாடுபட்டுச் சாவார் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. இயேசு அதைச் சொன்னபோது பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டதை மத்தேயு 16-இல் பார்க்கலாம். அதற்கும் மேலே, "மரத்திலே தூக்கப்பட்ட எவனும் சபிக்கப்பட்டவன்" என்று நியாயப்பிரமாணமே சொல்லியிருந்தது. சிலுவையில் தொங்கிய ஒருவரை மேசியா என்று சொல்வது யூதக் காதுக்குக் கூசும் பேச்சு. எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி கதை கட்டியிருந்தால் இப்படியா கட்டுவார்கள்?

எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு பேரைப் பாருங்கள் (லூக்கா 24). "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்." அந்த 'நம்பியிருந்தோம்' என்ற சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது தெரிகிறது. சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பேசும் இறந்தகாலம் அது. கூட நடந்தவர், மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளும் எழுதியதை அவர்களுக்கு விவரிக்கிறார். அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட அதே வசனங்கள். புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை, இருந்தும் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது என்கிறார்கள். தீர்க்கதரிசனம் பெரும்பாலும் இப்படிப் பின்னாலிருந்துதான் புரிகிறது. தங்களை நொறுக்கிய அந்த வெள்ளிக்கிழமை தேவனுடைய கைதவறி நடந்ததில்லை என்று அவர்கள் அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் 1 பேதுரு 2. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா வசனத்தை நாம் ஆட்டோ முதுகில் ஒட்டுகிறோம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேல் மாட்டுகிறோம். பேதுரு அதை யாருக்கு எழுதினார்? "வேலைக்காரரே" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு 18-ஆம் வசனத்தில் மென்மையாகச் சொல்கிறது. கிரேக்கத்தில் அது வீட்டு அடிமைகளைக் குறிக்கும் சொல். எஜமான் அடித்தால் கேட்க நாதியில்லாதவர்கள். அடிக்கப்படுவதைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் பேச்சின் நடுவிலேயே ஏசாயா 53-ஐக் கொண்டுவருகிறார்: "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்." கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலருடைய முதுகிலாவது தழும்பு இருந்திருக்கும். வேதவாக்கியத்தில் சொல்லப்பட்டவரின் உடம்பிலும் அதே மாதிரித் தழும்பு என்று கேட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். (அடிமைத்தனம் சரிதான் என்று இந்தப் பகுதியை வைத்துப் பேசியவர்கள் சரித்திரத்தில் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய வெட்கக்கேடு.)

கடைசியாக அப்போஸ்தலர் 8. எருசலேமில் பணிந்துகொண்டு ஊர் திரும்பும் எத்தியோப்பியர் ஒருவர், ராணி கந்தாகேயின் பொக்கிஷங்களுக்கெல்லாம் தலைவர், ரதத்தில் உட்கார்ந்து சத்தமாக ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். வாசித்த இடம், அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டி. பக்கத்தில் ஓடிவந்த பிலிப்புவிடம், நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே கேள்வியைக் கேட்கிறார்: "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?" பிலிப்பு அந்த வசனத்திலிருந்தே தொடங்கி இயேசுவைப் பற்றிச் சொன்னார்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் இவர் 'மந்திரி'. அதனால் தமிழில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமலே போகிறது. மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு அண்ணகர் என்று பொருள், விதை நீக்கப்பட்டவர். உபாகமம் 23:1-இன்படி அப்படிப்பட்டவர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது. அவ்வளவு தூரம் பயணம் செய்து எருசலேமுக்குப் போனவர், அங்கே எந்த வாசல்வரை விடப்பட்டார் என்று லூக்கா எழுதவில்லை.

கையில் இருந்ததோ சுருள். அதில் அதிகார எண் கிடையாது, பிரித்துக்கொண்டே போக வேண்டியதுதான். கும்ரான் சுருளில் 'ஆட்டுக்குட்டி' வரும் பத்தியிலிருந்து இரண்டு மூன்று பத்தி தள்ளினால், நாம் 56-ஆம் அதிகாரம் என்று சொல்லும் இடம் வந்துவிடும். அங்கே இப்படி இருக்கிறது: "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக." குமாரரும் குமாரத்திகளும் தரும் பெயரைவிட நல்ல பெயரை என் ஆலயத்துக்குள்ளேயே அவர்களுக்குக் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர்.

பிலிப்பு அந்த இடம்வரை பிரித்துக் காட்டினாரா, தெரியாது. ஆனால் வழியில் தண்ணீர் தென்பட்டதும் அந்த மனிதர் கேட்டது இது: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" வாழ்நாள் முழுக்கத் தடை என்ற சொல்லைக் கேட்டே பழகியவர். ரதத்தை நிறுத்தச் சொன்னார். இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.